உங்களுக்குத் தெரியுமா? ‘கேஸ் என்ன ஆச்சு?’: பதில் சொல்ல 90 நாள்

புகார் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடையாய் நடப்பவர்கள் கவனத்துக்கு: விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸே தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. மின்னணு முறையில் தெரிவித்தாலும் செல்லும். தெரிவிக்காவிட்டால் என்ன தண்டனை? அதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை!



‘ஆதாரம் இல்லை’ என்று போலீஸ் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட்டும் அதை ஏற்று வழக்கை முடிக்க நினைத்தால்? முதலில் புகார்தாரருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நோட்டீஸ் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதியில் நேரில் போய் ஆட்சேபம் சொல்லலாம்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 15ஏ பிரிவின்படி, குற்றம்சாட்டப்பட்டவரின் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் போயாக வேண்டும்.