மூலக் கதையும் விளையாட்டு வழிநூலும்

கதையைக் கேட்டும் படித்தும் நாடகமாகக் கண்டும் மகிழ்தல் மக்கட்கு இயல்பு. அக்கதையினுட் புகுந்து தாமே தலைவனாக நின்று அதனை நடத்தும் புதுக்கலையொன்று இக்காலத்து எழுந்துளது. கணினித் திரையில் ஆடப்படும் வேடமேற்கும் விளையாட்டே அது. இதன்கண் ஆடுவோன் ஒரு கதைமாந்தனது வேடத்தை ஏற்று, அவன் செல்லும் வழியையும், சொல்லும் மொழியையும், செய்யும் செயலையும் தானே தேர்ந்துகொள்கின்றான். இதனைச் சிறுவர் பொழுதுபோக்கென்று தள்ளுவாரும், தலைசிறந்த இலக்கியமென்று கொண்டாடுவாரும் நம்மிடை உளர். இரு திறத்தாரும் ஆராயாது கூறுகின்றனர் என்பது எம் கருத்து. ஆதலின், அத்தகைய விளையாட்டொன்று தன் மூலநூலை எங்ஙனம் தழுவிற்று என்பதைக் குணமுங் குற்றமும் தோன்ற ஈண்டு ஆராய்வாம்.

போலந்து நாட்டு எழுத்தாளராகிய ஆந்திரேய் சப்கோவ்ஸ்கி என்பார் 1986-ஆம் ஆண்டில் மாத இதழொன்றில் ஒரு சிறுகதை வெளியிட்டார். அதன் தலைவன் கெரால்ட் என்பான். கூலி பெற்றுக் கொடிய பூதங்களைக் கொல்வதே அவன் தொழில். இளமையில் மருந்துகளால் உடல் மாற்றப்பெற்று, வெண்முடியும் பூனைக்கண்ணும் உடையவனாயினான். ஊரார் அவனது உதவியை வேண்டுவர், அவனையோ வெறுப்பர். பின்னர்ச் சிறுகதைத் தொகுதிகளும், 1994 முதல் 1999 வரை ஐந்து நாவல்களும் வெளிவந்தன. வார்சா நகரத்துச் சி.டி. ப்ராஜெக்ட் ரெட் என்னும் குழுவினர் இவற்றைத் தழுவி, 'தி விட்சர்' என்னும் பெயரால் 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் மூன்று விளையாட்டுகளை இயற்றினர். மூன்றாவது விளையாட்டு மட்டும் 2023-ஆம் ஆண்டிற்குள் 5 கோடிப் படிகளுக்குமேல் விலைபோயிற்று.

நிற்க. வழிநூலாவது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் கூறுவது என்பர் நன்னூலார். இவ்வளவுகோலால் அளந்து காண்போம். ஐந்தாம் நாவலின் இறுதியில், ரிவியா நகரத்துக் கலகத்தில் கெரால்ட் குத்துண்டு வீழ்கின்றான். அவன் மகளெனப் போற்றி வளர்த்த சிரி என்பாள் அவனைக் கொண்டு செல்கின்றாள். அவன் பிழைத்தனனோ என்பதை ஆசிரியர் தெளியக் கூறாது விட்டார். விளையாட்டோ, அவன் நினைவிழந்தவனாய் மீண்டெழுந்தமை கூறித் தொடங்குகின்றது. முடிபில் மாறுபடுதலின் இதனை முற்றும் வழிநூல் என்றற்கில்லை. ஆயினும் இவ்வுபாயத்தால் விளைந்த நன்மை இரண்டு. மூலக்கதையின் நிகழ்ச்சிகளைச் சிதைத்து எழுத வேண்டாதாயிற்று. நாவல்களைப் படியாதாரும் தலைவனோடொப்ப அறியாமையினின்று தொடங்க இயன்றது. விளைந்த இழப்பும் பெரிதே. நாவல்களின் உயிர்நாடி சிரியினிடத்து அவன் வைத்த அன்பாகும். முதல் விளையாட்டில் அவளும், அவன் காதலியாகிய யென்னெஃபரும் கதையில் இடம்பெற்றிலர். மேலும், அவ்விளையாட்டு பெண்களின் காதலைப் படச்சீட்டுகளாக்கிச் சேகரிக்க வைத்தது. மூலநூலின் பெண்மாந்தர் தத்தமக்கென உள்ளமும் அறிவும் உடையராகலின், இஃது அந்நூற்கே இழுக்காயிற்று. பின்வந்த விளையாட்டுகளில் அச்சீட்டுகள் ஒழிந்தன. மூன்றாவதில் அவ்விருவரும் தமக்குரிய இடத்தைப் பெற்றனர்.

இனி இத்தழுவலின் தலையாய குணத்தைக் கூறுவாம். இரு தீமைகளுட் சிறியதைத் தேர்ந்துகொள்ளுதல் தகுமோ என்பது சப்கோவ்ஸ்கி தம் கதையொன்றில் எழுப்பும் வினா. நூலைப் படிப்போன் அவ்வினாவைக் கெரால்ட்டின் துன்பமாகக் காண்கின்றான். விளையாட்டிலோ அது தன் மேலேயே வந்து நிற்கின்றது. மூன்றாவது விளையாட்டில் குருதிப் பிரபு எனப் பெயரிய படைத்தலைவன் ஒருவன், காணாமற்போன தன் மனைவியையும் மகளையும் தேடித்தர வேண்டுகின்றான். அவனோ குடித்து மனைவியை அடித்த கொடியோன். அவன் செய்ததற்கு வருந்துவோனும் ஆவான். தேடிச் செல்லுமிடத்து, மரத்தடியிற் சிறைப்பட்ட ஆவியொன்று விடுதலை வேண்டி இரக்கின்றது. அதனை விடுவிப்பின், சதுப்புநிலத்துச் சூனியக்காரிகள் கையிற் பட்ட குழந்தைகள் பிழைப்பர். ஆனால் ஓர் ஊர் அழியும், பிரபுவின் மனைவி சாபத்தால் மாய்வாள், அவனும் நான்றுகொண்டு மடிவான். கொல்லின், அவள் அறிவு கலங்கியவளாயினும் உயிரோடிருப்பாள், குழந்தைகளோ காணாமற்போவர். தேர்வு செய்யும்போது இவ்விளைவுகள் ஆடுவோனுக்குத் தெரியா. நெடும்பொழுது கழிந்த பின்னரே வெளிப்படும். செய்தவன் தானேயாதலின் பிறர்மேற் பழிசுமத்தவும் வழியில்லை. அறத்தின் அருமையை இங்ஙனம் உணர்த்துதல் ஏட்டுக்கதைக்கு எளிதன்று.

குற்றங்களும் சில உள. முதலாவது, சிரியைக் கொடும்பகைவர் துரத்துகின்றனர், விரைந்து தேடுக எனக் கதை ஏவுகின்றது. தலைவனோ ஊர்தோறும் சீட்டாடியும், கடலில் மிதக்கும் பேழைகளைத் திறந்தும் நாட்கழிக்கலாம். அதனாற் கதைக்கு ஒரு கேடும் வருவதில்லை. இரண்டாவது, நாவல்களிற் கெரால்ட் கைப்பொருள் இன்றி அலைபவன். விளையாட்டிலோ கண்ட வீடெல்லாம் துழாவிப் பொருள் திரட்டுகின்றான், வீட்டாரும் பெரும்பாலும் வாளாவிருக்கின்றனர். மூன்றாவது, ஓரிடத்து ஒரே வெட்டில் மடியும் ஓநாய், பிறிதோரிடத்துப் பல வெட்டுக்கும் சாயாது நிற்கின்றது. படிநிலை எண் மிக்கதென்பதன்றி அதற்கு வேறு காரணமில்லை. நான்காவது, துப்பறியும் பணிகள் பெரும்பாலும் திரையிற் செந்நிறமாய் ஒளிரும் சுவடுகளைப் பின்பற்றுதலோடு அமைகின்றன. ஆடுவோன் தன் அறிவைச் செலுத்த இடமில்லை.

இக்குற்றங்களுட் பல அக்குணம் பிறந்த இடத்திலேயே பிறந்தவை. ஆடுவோனுக்கு உரிமை தந்தமையாலேயே அறத்தேர்வு உயிர் பெற்றது. அவ்வுரிமையே கதையின் விரைவையும் கெடுத்தது. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் வந்த பிற்சேர்க்கைகள் இதற்குச் சான்றாம். அவற்றுள் முன்னது, ட்வார்டோவ்ஸ்கி என்பான் தீய ஆவியோடு உடன்படிக்கை செய்த போலந்து நாட்டுப் பழங்கதையை ஒட்டியது. அளவிற் சிறியதாதலின் கதை சிதறாது செல்கின்றது.

மூல ஆசிரியர் தொடக்கத்தில் இலாபப்பங்கு வேண்டாது மொத்தத்தொகை பெற்று உரிமையை அளித்தனர். 2018-இல் அவர் மேலும் பொருள் கேட்டதும், 2019-இல் இருவரும் புதிய உடன்படிக்கை செய்ததும் யாவரும் அறிந்தவை. வழிநூலார் முதனூலார்க்குப் பட்ட கடனை இது நினைவூட்டுகின்றது. ஆதலின், இவ்விளையாட்டை ஆடி மகிழும் நண்பர்கள் அதனோடு நின்றுவிடாது மூலக்கதைகளையும் கற்பாராக. நூலன்றிப் பிறிதொன்றையும் மதியாதார், அறத்தேர்வின் சுமையைத் தம் கையில் ஒருமுறை ஏந்திப் பார்த்து, அதன்பின் தீர்ப்புக் கூறுவாராக.