ஒலிப்பதிவுக் கூடமும் திரைப்பாடலின் பாடமும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் குறித்த ஆய்வுகள் பல, அச்சில் கிடைக்கும் வரிகளையே மூலபாடமாகக் கொள்கின்றன. ஆனால் திரைப்பாடல் முழுமை பெறுவது ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். பதிவுமுறை மாறுந்தோறும் பாடலின் பாடம் உருவாகும் முறையும் மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

உடன்நிகழ் பதிவு

'காளிதாஸ்' (1931) முதலான தொடக்கக்காலப் பேசும்படங்களில் நடிகர்கள் படப்பிடிப்பின்போதே பாடினர். ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' (1938) பின்னணிக் குரலைப் பயன்படுத்தியது. பாடுபவரும் நடிப்பவரும் வேறாயினர். எனினும், பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒருசேர இசைக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. ஒருவர் பிழை செய்யினும் அனைவரும் மீண்டும் இசைக்க வேண்டியிருந்ததால் ஒத்திகை இன்றியமையாததாயிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலும் யாழும் தண்ணுமையும் ஒன்றையொன்று பின்பற்றி இசைத்தாற்போல, இங்கும் கலைஞர் ஒருவரையொருவர் கேட்டே இசைத்தனர்.

பலதடப் பதிவு

பலதடப் பதிவில் குரலுக்கும் கருவிகளுக்கும் தனித்தனித் தடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தாள அளவைக் காட்டும் கிளிக் ஒலியையே அனைவரும் பின்பற்றுகின்றனர். மெட்டு பெரும்பாலும் தத்தகாரமாகக் கவிஞரிடம் தரப்படுகிறது. எழுதப்பெற்ற வரிகளை முதலில் டிராக் பாடகர் பாடுவதுண்டு. அதைக் கேட்டுப் பின்னர் முதன்மைப் பாடகர் பாடுகிறார். பிழைபட்ட சொல்லை மட்டும் மீளப் பாடிப் பொருத்தலாம். தடங்களின் ஒலியளவும் இடவல அமைவும் ஒலிக்கலவையில் சீராக்கப்படுகின்றன. மாஸ்டரிங் இறுதி வடிவம் தருகிறது. ஏ.ஆர். ரஹ்மான் தம் இல்லத்தையொட்டி நிறுவிய பஞ்சதன் கூடத்தில் 'ரோஜா' (1992) பாடல்கள் உருவாயின. பெரிய கூடமின்றியும் பாடலைத் தடம்தடமாகக் கட்டமைக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பாடத்தேர்வு

ஒரு சரணத்தின் இரண்டு அடிகள் வெவ்வேறு நாளில் பாடப்பட்டிருக்கலாம். பல எடுப்புகளுள் ஒன்றை இசையமைப்பாளரும் ஒலிப்பொறியாளரும் தேர்கின்றனர். ஆகவே, ழகர ளகர ஒலிப்புப் பிழைகளைப் பாடகர்மீது மட்டும் ஏற்றுவது பொருந்தாது. இத்தேர்வு, சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கொள்ளும் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. ஆனால் பதிப்பாசிரியர் தாம் கொள்ளாத பாடங்களை அடிக்குறிப்பில் காட்டுவார். கூடத்தில் விலக்கப்பட்ட எடுப்புகளோ அழிக்கப்பட்டால் மீளா.

முடிவுரை

எனவே திரைப்பாடலாய்வில் அச்சுப்பாடத்தையும் பதிவுப்பாடத்தையும் வேறுபடுத்திக் காண்டல் வேண்டும். டிராக் பாடகர், ஒலிப்பொறியாளர் ஆகியோரின் நினைவுகளும், எஞ்சியுள்ள ஒலிநாடாக்களும், கணினிக் கோப்புகளும் சுவடிகளுக்கு நிகரான சான்றுகளாகும். அவை அழியுமுன் திரட்டிப் பாதுகாத்தல் தமிழாய்வின் கடமையாகும்.