தொடக்கப்பள்ளி வகுப்பில் நடப்பதும் வீட்டார் செய்யத்தக்கதும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் கட்டடம், சமையற்கூடம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைப் பற்றி நாம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும், அக்கட்டடத்தினுள் நம் குழந்தைகள் என்ன கற்கிறார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. “அது வாத்தியார் வேலை, எழுதப் படிக்கத் தெரியாத நமக்கு அதில் என்ன இருக்கிறது?” என்று குடியானவப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. ஏட்டறிவு இல்லாத பெற்றோரும் தம் குழந்தையின் கல்விக்குப் பெருந்துணை புரிய இயலும். அதற்கு வகுப்பில் நடப்பது இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பாட்டும் குச்சியும் எதற்கு?

பள்ளிப் பக்கம் செல்லும் பெற்றோர், குழந்தைகள் பாடுவதையும் குச்சிகளையும் புளியங்கொட்டைகளையும் வைத்து எண்ணுவதையும் காண்கின்றனர். “விளையாடவா பள்ளிக்கு அனுப்பினோம்? நோட்டில் ஒரு பக்கங்கூட நிரம்பவில்லையே!” என்று குறைப்படுகின்றனர். இக்குறைக்கு விடை கூற வேண்டியது நம் கடமையாகும்.

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பெற்றன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில், எழுத்தே அறியாமல் மேல் வகுப்புக்குச் சென்ற குழந்தைகள் பலர். இக்குறையைப் போக்கும் பொருட்டு, 2022 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் தொடங்கியது. 2023ஆம் ஆண்டில் அது 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இத்திட்டத்தில் குழந்தைகள் அறிந்த அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என நிலைகள் வகுக்கப்பெற்றன. ஆகவே ஒரே வகுப்புக் குழந்தைகள் இருவர் வெவ்வேறு பயிற்சிகளைச் செய்வதில் தவறில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மலரில் இருக்க, நம் பிள்ளை அரும்பில் இருப்பது கண்டு அதனைக் கடிந்து பயனில்லை. வேர் பிடிக்காத பயிரை இழுத்து வளர்க்க முடியுமா?

எழுத்து

தமிழில் 247 எழுத்துகள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவற்றை நெட்டுருச் செய்வதே படிப்பு என்று முன்னர்க் கருதினோம். உண்மையில் குழந்தை அறிய வேண்டுவது ஒலிகளையும், உயிர்மெய்க் குறிகள் சேரும் முறையையுமே. இம்முறை பிடிபட்டால் எழுத்துகள் தாமே வசமாகும். கு, சு, டு, து போன்ற உகர வரிசை எழுத்துகள் ஒரே வடிவில் அமையாதவை. அவற்றிற்கு மட்டும் மிகுந்த பயிற்சி தேவை. ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைப் பாட்டில் கேட்டுப் பிரித்தறிந்த குழந்தை, அவ்வொலிக்குரிய எழுத்தை எளிதில் பற்றிக்கொள்ளும். பாட்டு வகுப்பிற்குள் வந்தது இதன் பொருட்டே.

எண்

52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், சில குழந்தைகள் 45 என்று எழுதுவதுண்டு. 5இல் 1 போக 4. 2இல் 7 போகாது என்பதால், 7இல் 2 போக 5 என்று கொண்டுவிடுகின்றனர். இதற்காக அடிப்பதால் அறிவு வாராது. ஆசிரியர் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டித் தருகிறார்: ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரி கொடுக்க வேண்டுமாயின், ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும். இப்போது நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருக்கின்றன. அவற்றில் ஒரு கட்டும் ஏழு உதிரியும் போக, மீதி மூன்று கட்டு, ஐந்து உதிரி, அதாவது 35. கையால் அவிழ்த்துக் கண்ட குழந்தை, ‘கடன் வாங்குதல்’ என்பதன் பொருளை மறவாது. வெற்றிலையைக் கவுளியாகவும் நாற்றை முடியாகவும் கட்டி எண்ணும் நமக்கு இம்முறை புதியதன்று.

வீட்டார் செய்யத்தக்கவை

1. நாள்தோறும் அனுப்புதல். நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த குழந்தையை வீட்டில் நிறுத்துவது வழக்கமாக இருக்கிறது. பாடம் சுவரைப் போன்றது. கீழ்வரிசைக் கல் இல்லையேல் மேல்வரிசை நில்லாது. இளைய குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்தால், மூத்த குழந்தையின் பள்ளி நாள்கள் வீணாகா.

2. படிக்கச் சொல்லிக் கேட்டல். எழுத்தறியாத தாயும் இதனைச் செய்யலாம். குழந்தை ஒரு பக்கத்தைப் படித்து முடித்த பின், ஏதேனும் ஒரு வரியின் நடுவில் விரலை வைத்து, “இது என்ன சொல்?” என்று கேளுங்கள். உடனே சொன்னால் அது படிப்பு. வரியின் தொடக்கத்திற்குச் சென்று, ஒப்பித்துக்கொண்டே வந்து சொன்னால் அது மனப்பாடம். இவ்வேறுபாட்டைக் கண்டால், ஆசிரியரிடம் அமைதியாகத் தெரிவியுங்கள். அவருக்கு அது பெரிதும் உதவும்.

3. பேசுதல். அன்று வகுப்பில் கேட்ட கதையை வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் வயலிலும் சந்தையிலும் நடந்ததைச் சொல்லுங்கள். பல சொற்களைக் காதால் கேட்ட குழந்தைக்கே, ஏட்டில் காணும் சொல்லின் பொருள் விளங்கும்.

4. வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல். 68 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? 68உடன் 2 சேர 70. 30 சேர 100. ஆக மீதி 32. கடைக்காரரின் இவ்வழியும் கணக்கே. ஏக்கர் 100 செண்ட் என்றால் கால் ஏக்கர் எத்தனை செண்ட் என்று கேளுங்கள். பின்னம் என்னும் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். பால் சங்க அட்டையையும் குடும்ப அட்டையையும் குழந்தையைக் கொண்டே படிப்பியுங்கள்.

5. இடமும் நேரமும் தருதல். மாலையில் அரை மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்தி, குழந்தையின் அருகில் அமர்ந்திருங்கள். அருகில் இருப்பதே ஓர் ஊக்கமாகும்.

ஊராட்சியின் பங்கு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் பெற்றோரே இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். கையொப்பம் இடுவதோடு இக்குழுவின் வேலை முடிந்துவிடுவதில்லை. “பெயர்ப் பதிவேட்டில் எத்தனை பேர்?” என்று மட்டும் கேளாமல், “மூன்றாம் வகுப்பில் ஒரு சிறு கதையைத் தட்டின்றிப் படிப்பவர் எத்தனை பேர்? மற்றவர்க்கு நாம் என்ன செய்யலாம்?” என்றும் கேட்டல் வேண்டும். குற்றம் காணும் குரலில் அன்றி, கூடி உழைக்கும் குரலில் இதனைக் கேட்பது நலம். அறுவடை நாள்களில் வாராத குழந்தைகளின் வீட்டிற்கு உறுப்பினர் ஒருவர் நேரில் சென்று பேசினால், ஆசிரியர் அனுப்பும் பத்துச் சீட்டுகளினும் அது மிகுந்த பயன் தரும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அறிவியலும் சமூக அறிவியலும் படித்தே அறிய வேண்டியவை. அதற்குள் படிக்கக் கல்லாத குழந்தை, வகுப்பில் அமர்ந்திருந்தும் வெளியே நிற்பதாகிவிடும். அது பிற்காலத்தில் பள்ளியை விட்டு நின்றுவிடவும் நேரும். இதனைத் தடுக்கும் காலம் முதல் மூன்று ஆண்டுகளே. பருவத்தே பயிர் செய்தலின் அருமையை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று மாலையே குழந்தையின் புத்தகத்தை விரித்து, ஒரு வரியின் நடுவில் விரலை வைத்துக் கேளுங்கள். கிடைக்கும் விடையை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.