பம்பை மேலே தூக்குங்கள், ஆளைக் கீழே இறக்காதீர்கள்

மாடியில் குளித்தால் கீழ்த்தளக் கழிப்பறையில் அழுக்குத் தண்ணீர் மேலேறுகிறது என்றால், பெரும்பாலும் கழிவுநீர்ப் பம்ப் நின்றுபோயிருக்கும். தெருச் சாக்கடையைவிடத் தாழ்வாகக் கட்டிய வீடுகளிலும் அடுக்ககங்களிலும் கழிவு முதலில் ஒரு தொட்டியில் விழும். உள்ளே மூழ்கியிருக்கும் பம்ப்தான் அதை மேலே தள்ளும். அது நின்றதும் குடியிருப்போர் சங்கத்தில் யாராவது ஒருவர், "ஆளை விட்டு உள்ளே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க" என்பார். அப்படி இறங்கிய எத்தனையோ பேர் உயிரோடு ஏறி வரவில்லை.

பம்பின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வெளியில் நின்றே கண்டுபிடிக்கலாம். முதலில் எல்லா வீட்டுக்காரர்களிடமும் தண்ணீர் புழங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு பேனலைப் பாருங்கள். சுவிட்ச் டிரிப் ஆகியிருந்தால் ஒரே ஒரு முறை போடலாம். மறுபடி விழுந்தால் மோட்டாரிலோ கேபிள் இணைப்பிலோ தண்ணீர் புகுந்திருக்கலாம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈஎல்சிபியைத் தவிர்த்து 'டைரக்ட்' கொடுக்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஈரத்தில் நிற்பவரைக் காப்பாற்றுவது அந்தக் கருவிதான்.

மின்சாரம் சரியாக இருந்தும் பம்ப் ஓடாவிட்டால் ஃப்ளோட் சுவிட்சைச் சந்தேகியுங்கள். தண்ணீரோடு மிதந்து மோட்டாரை இயக்கும் இந்த உருண்டை, கயிற்றில் சிக்கியோ கொழுப்புப் படலத்தில் ஒட்டியோ கிடக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலே நின்றபடி நீளமான பிவிசி குழாயால் அதை விடுவித்தால் போதும். மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது இம்பெல்லரில் துணியோ நாப்கினோ சுற்றியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்; விட்டுவைத்தால் காயில் எரிந்துவிடும். யாரும் புழங்காத நள்ளிரவிலும் பம்ப் அடிக்கடி ஓடினால், தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் என்ஆர்வி வால்வு பழுதாகி, மேலே போன தண்ணீர் திரும்பி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மும்முனை மோட்டார் ஓடியும் தண்ணீர் சரியாக ஏறாவிட்டால், அண்மையில் ஈபி வேலை நடந்ததா என்று விசாரியுங்கள். ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம்.

அடைப்பை எடுக்கப் பம்பை வெளியே கொண்டுவரத்தான் வேண்டும். முதலில் கழிவுநீர் லாரியை வரவழைத்துத் தொட்டியை உறிஞ்சுங்கள். 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். பிறகு சங்கிலியைப் பிடித்துப் பம்பைத் தூக்க வேண்டும், கேபிளைப் பிடித்தல்ல. புதிதாகப் பொருத்தும்போதே வழிகாட்டிக் கம்பியும் துருப்பிடிக்காத சங்கிலியும் கேட்டு வாங்குங்கள். இவை இருந்தால் சங்கிலியை இழுத்ததும் பம்ப் கழன்று மேலே வரும். இவற்றில் மிச்சம் பிடிக்கும் கட்டுநர், பின்னால் ஒரு மனிதரை உள்ளே இறங்க வைக்கிறார்.

இறங்குபவரைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போவதால் நாற்றம் போய்விட்டதென்று தோன்றும். அடர்த்தி அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே மனிதர் சுருண்டுவிடுவார். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தால் போதும் என்பது தவறு. சகதியைக் காலால் கலக்கியதும் அடைபட்டிருந்த வாயு புதிதாகப் பொங்கும். கிணற்றுக்குச் செய்வதுபோல விளக்கை இறக்கிப் பார்ப்பதும் ஆபத்து. உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்பைடை விளக்கு காட்டிக்கொடுக்காது. முகத்தில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ எந்த வாயுவையும் தடுக்காது. விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் குதிப்பதும், அவருக்காக மூன்றாமவர் குதிப்பதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாரும் குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.

கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் இது. 'காண்ட்ராக்டர்தான் ஆள் அனுப்பினார்' என்று சங்கத்தினர் தப்பிக்க முடியாது. மறைமுகமாக என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது. கிணறு போன்ற உறிஞ்சுதொட்டியின் அடியில் உள்ள நீர்மூழ்கிப் பம்பைக் கழற்ற விதிகளில் ஒரு விலக்கு உண்டு. அதற்கும் காற்றுக்குழாய் முகமூடி, வாயு அளவி, உடல் வார் என முழுப் பாதுகாப்பும் வேண்டும். ஒரு கயிறும் வாளியுமாக வருபவரிடம் இவை எதுவும் இருப்பதில்லை.

வேலைக்கு வந்தவர் இறங்க மறுத்தால் அது அவருடைய உரிமை, மதியுங்கள். உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உத்தரவிட்டது. நிரந்தர ஊனத்தால் பிழைக்க வழியற்றுப் போனால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே, 'கைச்செலவுக்கு' என்று கொடுக்கும் சிறு தொகையோடு பேசி முடிக்க வந்தால் குடும்பத்தார் கையெழுத்திட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை காவல் நிலையத்தில் உறுதியாக நில்லுங்கள், அதன் நகலை வாங்குங்கள்.

புது அடுக்ககத்தில் தொட்டியோ பம்ப் அமைப்போ குறையாக இருந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் எழுதிக் கேட்டால், கட்டுநர் 30 நாளில் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும். வழிகாட்டிக் கம்பி இல்லாததையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.