நிரல் எழுத எந்த லினக்ஸ்?

லினக்ஸுக்கு மாற நினைக்கும் மாணவர்களின் முதல் கேள்வி உபுண்டுவா, ஃபெடோராவா, ஆர்ச்சா என்பதுதான். சி எழுதவும் பைத்தான் எழுதவும் மூன்றுமே போதும். ஜிசிசி, கிட், விம் எல்லாம் எதிலும் கிடைக்கும். அவை எவ்வளவு புதிதாக வருகின்றன, எத்தனை நாளுக்கொரு முறை மாறுகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கொரு முறை ஏப்ரலில் எல்டிஎஸ் என்னும் நீண்டகாலப் பதிப்பு வரும். 2024இல் வந்த 24.04க்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதிலுள்ள பைத்தான் 3.12 கடைசிவரை 3.12 ஆகவே இருக்கும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கொரு முறை புதுப் பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது, புதியது வர வர ஏறிக்கொண்டே இருக்கும். புதுமை பிடித்தவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் மறுநாள் பிராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய இரவில் ஏதாவது ஒன்று மாறிப்போனால், சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே புதிதாக வருபவருக்கு நான் சொல்வது உபுண்டு எல்டிஎஸ். லேப்டாப் பழையது என்றால், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எதுவானாலும் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் டச்பேடும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

சி, சி++ எழுத 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே தொகுப்பை நிறுவினால் கம்பைலரும் மேக்கும் சேர்ந்தே வந்துவிடும். ஜிடிபி, கிட் இரண்டையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடிட்டர் எதுவென்பது உங்கள் விருப்பம்.

கவனம் வேண்டியது பைத்தானில். 24.04இல் பிப் கொண்டு நேரடியாக ஒரு நூலகத்தை நிறுவப் பார்த்தால் மறுத்துவிடும்; இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று பிழைச்செய்தி வரும். அந்தச் செய்தியின் கடைசியிலேயே, சிஸ்டம் உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லித் தடையை மீறும் ஆப்ஷனும் இருக்கும். அவசரத்தில் பலர் அதைத்தான் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அந்தப் பைத்தான் உங்களுடையது அல்ல, இயங்குதளத்தினுடையது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. சிஸ்டத்தின் பைத்தானை வேறு பதிப்புக்குத் திருப்பிவிட்டு, டெர்மினல்கூடத் திறக்காமல் தவித்தவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. ஏபிடி மூலம் 'பைத்தான்3-வென்வ்' தொகுப்பை நிறுவி, ஒவ்வொரு பிராஜெக்ட்டின் ஃபோல்டருக்குள்ளும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். அதை இயக்கிவிட்டு பிப் ஓட்டினால், வருவதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். கெட்டுப்போனால் சூழலை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். 3.12 அல்லாத வேறு பைத்தான் வேண்டுமென்றால் பைஎன்வி அல்லது யூவி, நோட்ஜேஎஸுக்கு என்விஎம். இவை எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொள்ளும், சிஸ்டத்தைத் தொடாது.