தண்ணீர் காய்வதற்குள் பதிவு செய்யுங்கள்

அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்தால் தண்ணீர் மேலேயே நின்றுவிடுவதில்லை. கீழ்வீட்டு மின்விசிறிக் கம்பி வழியாக இறங்கி, மெத்தையை நனைத்து, சமையலறை அலமாரியின் பிளைவுட்டை உப்பவைத்த பிறகுதான் ஓய்கிறது. பிளம்பர் வந்து அரை மணி நேரத்தில் குழாயை மாற்றிவிடுவார். உடைந்த துண்டு குப்பைக்குப் போகும், தரையைத் துடைத்துவிடுவார்கள், இரு வீட்டுக்கும் இடையே பஞ்சாயத்து தொடங்கும். பத்து நாள் கழித்துத்தான் காப்பீடு என்று ஒன்று இருப்பது யாருக்காவது நினைவுக்கு வரும். அதற்குள் சான்றுகள் எல்லாம் தண்ணீரோடு போயிருக்கும்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பலரிடம், அவர்களுக்கே நினைவில்லாமல் ஒரு வீட்டுக் காப்பீடு இருக்கும். கடன் தந்த வங்கி, கடனோடு சேர்த்து எடுக்கவைத்தது அது. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே வடிவிலான வீட்டு பாலிசியை வழங்கியாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதும் நிரம்பி வழிவதும் அந்த பாலிசியின் பட்டியலில் உண்டு. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் சேர்ந்து வருகிறது. உங்கள் பாலிசி அந்த வகையா, பழைய வகையா என்பதை முதலில் வங்கியிடம் நகல் வாங்கிப் பாருங்கள்.

வழக்கு பெரும்பாலும் ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. பட்டியலில் இருப்பவை ‘வெடிப்பு’, ‘வழிதல்’. ‘ஓதம்’ இல்லை. மாதக்கணக்கில் சுவரில் ஏறும் ஈரம், குளியலறைத் தளத்தின் சிமென்ட் பூச்சு தேய்ந்து கசிவது, மொட்டைமாடி விரிசல் வழியே ஒவ்வொரு மழைக்கும் சொட்டுவது எல்லாம் பராமரிப்புக் குறைகளாகவே பார்க்கப்படும். அதனால் வெறுமனே “தண்ணீர் கசிந்து சேதம்” என்று எழுதிக்கொடுத்தால், கேட்கும் உரிமை உள்ளவர்கள்கூடத் தங்கள் கோரிக்கையைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். எந்தக் குழாய், எந்த இணைப்பு, எத்தனை மணிக்கு உடைந்தது என்று எழுத வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் உங்கள் சொல்லைவிடச் சுவரைத்தான் அதிகம் நம்புவார். கூரையில் பழுப்பு வளையம் ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்திருந்தால், அந்த இடம் பலமுறை நனைந்து காய்ந்தது என்று பொருள். உப்புப் பூத்திருந்தாலும், பெயிண்ட் கொப்பளித்துப் பூஞ்சை கறுத்திருந்தாலும், சேதம் நேற்று வந்ததல்ல. புதிதாக நனைந்த இடம் வளையமில்லாமல் ஒரே திட்டாகத் தெரியும். இந்த வேறுபாடு ஓரிரு நாளில் மங்கிவிடும் என்பதால்தான் முதல் நாள் படங்களுக்கு இத்தனை மதிப்பு. பழைய கறை இருந்தால் மறைக்காதீர்கள். அதையும் படமெடுத்து, ‘இது முன்பே இருந்தது, இன்றைய சேதம் இதற்கு இந்தப் பக்கம்’ என்று தனியே குறித்துக்கொடுங்கள். ஒன்றை மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள்.

படமெடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விளக்கு, மின்விசிறிப் பக்கம் தண்ணீர் வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு வால்வை மூடச் சொல்லுங்கள். சேதம் பரவாமல் தடுப்பது காப்பீடு எடுத்தவரின் கடமையும்கூட. அதன்பின் கைபேசியில் ஒரு வீடியோ எடுங்கள்: வாசலில் தொடங்கி, அறை முழுவதையும் காட்டி, சொட்டும் இடத்தை நெருங்கி, அப்படியே மேல்வீட்டுக்குப் போய் உடைந்த இடம் வரை. கீழே நனைந்ததும் மேலே உடைந்ததும் ஒரே தொடர்ச்சியாகத் தெரிவது பத்துத் தனிப் படங்களைவிட வலுவான சான்று. அந்தக் கோப்பைக் கைபேசியிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து உதிர்ந்துவிடும்.

உடைந்த குழாய்த் துண்டைப் பிளம்பரிடம் கேட்டு வாங்கி, தேதி எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். வாஷிங் மெஷின் குழாயோ, கீசர் இணைப்போ, ஃபிளஷ் டேங்க் வால்வோ, எதுவானாலும் சரி. பிளம்பரின் ரசீதில் ‘பிளம்பிங் வேலை’ என்று மட்டும் இருந்தால் போதாது. எதை மாற்றினார், அது எப்படிப் போயிருந்தது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத நேரங்களும் உண்டு. அப்போது மேல்வீட்டுக் குளியலறையில் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி வைத்து, கீழே நிறம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் முன்னிலையில் இதைச் செய்து, நேரத்தோடு எழுதிக்கொள்வது நல்லது. தனி வீட்டுக் குழாயா, எல்லோருக்கும் பொதுவான செங்குத்துக் குழாயா என்பதில்தான் யாருடைய பாலிசி பேச வேண்டும் என்பது முடிவாகும். பொதுக் குழாய், மேல்நிலைத் தொட்டி போன்றவை சங்கத்தின் பொறுப்பு. சங்கம் கட்டடம் முழுவதற்கும் காப்பீடு எடுத்திருந்தால் அங்கேதான் கேட்க வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்திருந்தால், மோட்டார் போட்ட நேரத்தைக் காவலாளி எழுதும் நோட்டுப் புத்தகம் பெரிய சான்று. படிக்கட்டில் தண்ணீர் இறங்குவது சிசிடிவியில் பதிவாகியிருக்கலாம். பழைய பதிவுகள் தானாக அழியும் முன் நகல் கேளுங்கள்.

நனைந்த பொருள்களைச் சர்வேயர் பார்க்கும்வரை வீசாதீர்கள். மெத்தை நாறத் தொடங்கிவிட்டால், படமெடுத்து, அகற்றப்போவதாக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அகற்றலாம்.

அண்டை வீட்டு உறவைக் காக்க நினைத்துப் பலர் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். மேல்வீட்டார் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதி வாங்குவார்கள். உங்களுக்கு இழப்பீடு தந்த பிறகு, தவறு செய்தவரிடம் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த உரிமையை நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டால், அதையே காரணம் காட்டி உங்கள் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள்.

புதிய கட்டடமானால் இன்னொரு வழியும் இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாட்களில் கட்டணமின்றிச் சரிசெய்யும் பொறுப்பு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி கட்டுநருடையது. அங்கும் இதே படங்களும் ரசீதுகளும்தான் பேசும்.

நிறுவனம் மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் வீட்டின் ஒவ்வோர் அறையையும், கூரையையும் திறந்த அலமாரிகளையும் சேர்த்து, காய்ந்திருக்கும்போதே படமெடுத்து வையுங்கள். சேதத்துக்கு முன் வீடு எப்படி இருந்தது என்று சர்வேயர் கேட்கும்போது காட்ட அது இருக்கும்.