கூரை திறந்த வீடு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையை விட்டிறங்கி, கரிசல் காட்டினூடே அரைமணி நேரம் நடந்தால் வரும் சிற்றூர் ஒன்றில், சென்ற புரட்டாசியில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கியிருந்தோம். பனையோலை வீடுகள் அருகிவிட்ட இக்காலத்தில் அங்கே இன்னும் சில எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றின் கூரையைப் பிரித்து வேயப் போகிறார்கள் என்றறிந்தே சென்றோம்.

விடியுமுன்னரே பழைய ஓலை இறங்கத் தொடங்கிவிட்டது. நான்கு ஆண்டு வெயிலைத் தாங்கிய ஓலை, கைபட்டதும் பொடிந்தது. உள்ளிருந்து இரண்டு தேள்களும் ஓர் எலிக்கூடும் விழுந்தன. அடுப்பங்கரைக்கு மேலிருந்த பகுதி மட்டும் புகையேறிக் கறுத்து, இன்னும் உறுதியாக இருந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் கூரையின் ஆயுள் குறைந்துவிட்டது என்று வேய வந்த பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்.

இவ்வேலை வேண்டுமா என்பதில் அவ்வீட்டில் ஒரு மாதமாக வாக்குவாதம். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்னும் நோக்குடன் 2024-இல் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மகன் விண்ணப்பித்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாக வரும். இடிக்கப்போகும் வீட்டுக்கு எதற்குச் செலவு என்பது அவர் வாதம். "ஒரு தார்ப்பாய் போட்டா இந்த வருசம் ஓடிரும்மா" என்றார். தாயார் விடவில்லை. "வீடு வரட்டும்யா, வந்தா சந்தோசந்தான். அதுவரைக்கும் ஐப்பசி மழை காத்துக்கிட்டு நிக்குமா?"

கரிசலில் வீடு கட்டுவது எளிதன்று என்பதையும் அவ்வம்மையார் அறிவார். அம்மண் கோடையில் வெடித்துப் பிளக்கும். மழையில் பூரித்து எழும்பும். அடித்தளம் போதிய ஆழம் இறங்காவிட்டால் சிமெண்டுச் சுவரும் விரிசல் காணும். மண்சுவர் விண்டால் சாணமும் களிமண்ணும் குழைத்து அன்றே பூசிவிடலாம்.

ஓலையைப் பத்து நாள் முன்பே வெட்டி, மிதித்துப் பரப்பி, அடுக்கிக் கல்லேற்றி வைத்திருந்தனர். தட்டையாகாத ஓலை கூரையில் படியாது. பனை ஓராண்டில் ஏறத்தாழ ஒரு டசன் ஓலையே ஈனும். குருத்தையும் அதைச் சூழ்ந்தவற்றையும் விட்டு முதிர்ந்ததை மட்டும் அறுப்பது முறை. 1978-இல் மாநில மரமாக அறிவிக்கப்பெற்ற பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று அரசு அறிவித்ததோ 2021-இல்தான். அதற்குள் செங்கல் சூளைக்குப் போன மரங்கள் எத்தனையோ!

வேய்தல் இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறும். பெரியவர் மேலிருந்து குத்தூசியை ஓலைக்குள் செலுத்த, உள்ளே நின்ற மகன் நாரை வரிச்சில் சுற்றி ஊசியைத் திருப்பியனுப்பினார். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. "வாங்கு", "விடு" என்னும் இரு சொற்களிலேயே வேலை நடந்தது. நார், பனைமட்டையில் கிழித்து நீரில் ஊறவைத்தது. காலையில் முணுமுணுத்த மகன் நண்பகலில் முடிச்சின் இறுக்கத்தைத் தாமே சோதித்துப் பார்க்கக் கண்டோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. இருபுறமும் இரண்டு வரிசையும் முகடும் பாக்கி. உள்ளே எட்டு மூட்டைக் குதிரைவாலி. அண்டை வீட்டார் அழையாமலே வந்து மூட்டைகளைத் தோளேற்றினர். பேத்தியின் பள்ளிப் புத்தகங்களை நாமும் சுமந்தோம். பெரியவர் இறங்க மறுத்தார். வரிசையை முடித்துவிட்டே இறங்கினார். திறந்து கிடந்த முகட்டின்மேல் மகன் ஏறி விரித்தது, அவர் வாங்கி வைத்திருந்த அதே தார்ப்பாயை! தாயார் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மழை அரைமணி நேரமே பெய்தது. புதுக்கூரையின் கீழ் நின்று உள்ளங்கையை விரித்து, இடம் இடமாகத் துளி தேடினார் அம்மையார். ஓரிடத்தில் மட்டும் ஒழுகியது. பெரியவர் அவ்விடத்தைக் கரியால் குறித்துக்கொண்டார்.

இரவு கைவிளக்கொளியில் முகடு மூடப்பட்டது. தமக்குப்பின் இவ்வேலைக்கு ஆளில்லை என்று சாப்பிடும்போது பெரியவர் சொன்னார். நார் வாங்கிக் கொடுத்த மகனை ஒருமுறை பார்க்கவும் செய்தார். மறுநாள் காலை, ஒழுகிய இடத்தில் இரண்டு ஓலையைச் செருகி, இறவாரத்தை ஒரே மட்டமாக அறுத்தார். கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கி அடுப்படியில் அடுக்கிக்கொண்டிருந்தார் அம்மையார்.